ஜனவரி ஒன்றில் பிறந்த முன்னோர்கள்: குடும்ப மரத்தில் ஒரு பொய்ச் சாட்சியம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு நல்ல பழக்கம் வேர்பிடித்து வருகின்றது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் இளைஞர்களும், கல்லூரியில் பயிலும் பெண்மக்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கணினியில் குடும்ப வரலாற்று மென்பொருளை நிறுவி, உம்மா வாப்பாவில் தொடங்கிப் பாட்டன் பூட்டன் வரை ஐந்தாறு தலைமுறைகளை ஒரே திரையில் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். உறவைப் பேணுவதற்காக வம்சத்தை அறிந்துகொள்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டிய செயல். எனவே இந்த முயற்சியை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும், அச்சிட்டுச் சட்டம் போட்டு வீட்டு முன்கூடத்தில் மாட்டப்படும் அந்த மரங்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஒரு விந்தை கண்ணில் படுகின்றது. பாட்டனார் பிறந்தது 01-01-1921. அவருடைய தம்பி பிறந்தது 01-01-1924. தம்பியின் மனைவி 01-01-1930. மூவரில் இருவர் இறந்ததும் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் நாளிலேயே. ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் ஆங்கிலப் புத்தாண்டன்று பிறந்து, ஆங்கிலப் புத்தாண்டன்றே மறைந்தார்களா? இதற்குச் சாட்சி யார்? எவருமில்லை. மென்பொருளின் கட்டம் நாளையும் மாதத்தையும் கேட்டது. பேரன் கையில் ஆண்டு மட்டுமே இருந்தது. வெற்றிடம் அழகாக இல்லை என்பதற்காக ஒன்றும் ஒன்றும் இட்டு நிரப்பிவிட்டான். அவ்வளவே.

இது சிறு விஷயம் என்று பலர் எண்ணுகின்றனர். அல்ல என்பதே நம் வாதம். ஒரு மனிதரின் பெயருக்குக் கீழே நாம் காட்டும் பிறப்புத் தேதியும் வஃபாத் தேதியும் அலங்காரம் அன்று, அவை சாட்சியம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே காட்டுவது நேர்மை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது, எவ்வளவு அழகிய எழுத்துருவில் இருந்தாலும், பொய்.

நம் இமாம்கள் காட்டிய வழி

அறிவில்லாத ஒன்றின் பின்னே செல்லவேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் அல்குர்ஆன் (17:36) எச்சரிக்கின்றது. இந்த எச்சரிக்கையை வரலாற்றுத் தேதிகளுக்கும் பொருத்திக் காட்டியவர்கள் நம் முன்னோர்களான ஹதீஸ் கலை அறிஞர்கள். அறிவிப்பாளர் ஒருவர் தம் ஆசிரியரைச் சந்தித்ததாகச் சொன்னால், இருவருடைய பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தே அவரை எடைபோட்டனர். காலித் பின் மஃதான் (ரஹ்) அவர்களிடம் ஹிஜ்ரி 108இல் ஹதீஸ் கேட்டதாக ஒருவர் கூறியபோது, அப்பெரியார் 104லேயே மறைந்துவிட்டாரே என்று எடுத்துக்காட்டி அவரை வாயடைக்கச் செய்த நிகழ்வு ஹதீஸ் கலை நூல்களில் பிரபலமானது. நான்கு ஆண்டு வேறுபாடு ஒரு பொய்யை வெளிச்சமிட்டது. அந்த 104 என்னும் எண்ணை யாரோ அழகுக்காக இட்டு நிரப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

அதே அறிஞர்கள், தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதவும் கூச்சப்படவில்லை. இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் தம் பெருநூலான தாரீகுல் இஸ்லாமில் மனிதர்களைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பகுத்து எழுதிச் செல்கிறார்கள். எந்த ஆண்டில் இறந்தார் என்று உறுதியாகத் தெரியாதவர்களை ஏதேனும் ஓர் ஆண்டின் கீழ் திணித்துவிடாமல், ஏறத்தாழ இக்காலத்தில் இறந்தவர்கள் என்று தனியே இறுதியில் தொகுத்து வைத்தார்கள். இன்று மென்பொருள்கள் "ஏறத்தாழ" என்ற ஒரு தெரிவை வைத்திருக்கின்றன அல்லவா? அதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம் ஒருவர் கையாண்டு காட்டிவிட்டார்.

இவை அனைத்திலும் மேலான சான்று ஒன்றுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்தது யானை ஆண்டில், ரபீஉல் அவ்வல் மாதத்தில், திங்கட்கிழமையன்று என்பது பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால் பிறை எத்தனை என்பதில் இரண்டு என்றும், எட்டு என்றும், ஒன்பது என்றும், பன்னிரண்டு என்றும் கருத்துகள் பதிவாகியுள்ளன. படைப்பினங்களிலேயே உயர்ந்தவருடைய பிறந்த நாளில்கூட ஒரே எண்ணை எழுதி மற்றதை அழித்துவிட நம் அறிஞர்கள் துணியவில்லை. அப்படியிருக்க, நம் பாட்டனாருக்கு ஜனவரி ஒன்றை வழங்கும் உரிமையை நமக்குத் தந்தது யார்?

பொய்த் துல்லியம் எங்கிருந்து வந்தது?

நம் முன்னோர்கள் தேதியே இல்லாமல் வாழ்ந்தவர்கள் என்று சிலர் நினைக்கின்றனர். அவர்களிடம் தேதி இருந்தது. அது வேறு விதமாக இருந்தது. "ரங்கூனில் குண்டு விழுந்த வருடம், ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து" என்பார்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின நோன்பு" என்பார்கள். "ரஜப் பிறை 27" என்பார்கள். யானை ஆண்டு என்று அரபுகள் ஆண்டுக்குப் பெயரிட்டதைப் போன்றதே இதுவும். ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழத் தொடங்கியது 1941 டிசம்பர் 23. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பரில். இவ்விரு சொற்களும் குருட்டுச் சொற்கள் அல்ல. காலத்தைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்தும் சான்றுகள்.

பின்னர் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று கொண்டு, சேர்க்கைக்குத் தோதான ஒரு தேதியைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் நம் ஊர்களில் இத்தனை பேர் இருப்பதன் இரகசியம் இதுவே. பிறப்பு இறப்புப் பதிவுக்கு இந்தியா முழுமைக்குமான சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் பலரது பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளித் தேதி; பிறந்த தேதி அன்று.

இது ஆங்கில நாட்காட்டியின் குற்றம் மட்டுமன்று என்பதையும் சொல்லியாகவேண்டும். சவூதி அரேபியாவில் பணிபுரிந்தவர்கள் அறிவார்கள்: அந்நாட்டு முதியவர்கள் பலரது அடையாள அட்டையில் பிறந்த நாள் 1/7, அதாவது ரஜப் முதல் பிறை என்றே இருக்கும். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு அலுவலகம் இட்ட நாள் அது. ஆக, ஜனவரி ஒன்றை அகற்றிவிட்டு ரஜப் ஒன்றை எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் நோயன்று இது. அலுவலகத்துக்கு ஒரு முழுத் தேதி கட்டாயத் தேவையாக இருக்கலாம். குடும்ப வரலாற்றுக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை.

பிறைக் கணக்கு மறைக்கப்படுகின்றது

இரண்டாவது அநீதி, ஹிஜ்ரித் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடுவது. மையவாடியிலுள்ள மீஸான் கல்லிலும், ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரிலும், பழைய கிதாபுகளின் முதல் ஏட்டிலும் நம் முன்னோர்கள் பிறையையே எழுதி வைத்தார்கள். பேரன் இணையத்தில் ஒரு மாற்றியைத் திறந்து, கிடைத்த ஆங்கிலத் தேதியைப் பதிந்துவிட்டுக் கல்லை மறந்துவிடுகிறான். இதில் மூன்று பிழைகள் ஒளிந்துள்ளன.

முதற்பிழை, கணக்கின் பிழை. மென்பொருள்கள் பயன்படுத்துவது முப்பது ஆண்டுகளில் பதினோரு ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கூட்டிச் செல்லும் அட்டவணைக் கணக்கு. நம் ஊர்களில் மாதம் பிறந்தது பிறை கண்டபோது. அட்டவணைக்கும் நேரில் கண்ட பிறைக்கும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வேறுபடும். கல்லில் உள்ளது சாட்சி. மாற்றி தருவது மதிப்பீடு. சாட்சியை அழித்து மதிப்பீட்டை வைப்பது எந்த நீதியில் சேரும்?

இரண்டாவது, நாளின் எல்லை. நம் நாள் மஃரிபில் தொடங்குகின்றது. நம் மூதாட்டிகள் "வெள்ளி இரவு மவுத்தானார்" என்றால், அது இன்றைய வழக்கில் வியாழக்கிழமை இரவு. இதை அறியாத பேரன் வெள்ளிக்கிழமையின் தேதியைப் பதிகிறான். ஒரு நாள் தவறிவிடுகின்றது. பாட்டி சொன்ன சொல்லை அப்படியே பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், அறிந்த ஒருவர் பின்னாளில் திருத்திவிடலாம். தேதியை மட்டும் விட்டுச் சென்றால் திருத்த வழியே இல்லை.

மூன்றாவது, ஆண்டின் எல்லை. ஹிஜ்ரி 1370 என்று மட்டும் தெரிந்தால், அது 1950 அக்டோபரில் தொடங்கி 1951 அக்டோபரில் முடிந்த ஆண்டு. அதை 1950 என்று காட்டுவதும் பிழை. 1951 என்று காட்டுவதும் பிழை. 1950-51 என்பதே உண்மை. வயதுக் கணக்கிலும் இதே தடுமாற்றம் நேர்கின்றது. நபிகளார் (ஸல்) 63 ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்று மதரஸாவில் பயின்ற பிள்ளை, 570 முதல் 632 வரை என்று பாடநூலில் கண்டு, கழித்துப் பார்த்து 62 வருகிறதே என்று மயங்குகிறது. 63 பிறை ஆண்டுகள் சூரியக் கணக்கில் ஏறத்தாழ 61. பிறந்த ஆண்டோ மதிப்பீடு. எந்த நாட்காட்டியில் எண்ணியது என்பதைக் காட்டாத வயது, அளவுகோல் இல்லாத அளவு.

இவ்விடத்தில் மென்பொருள் உலகின் மீதும் நமக்கு ஒரு வழக்குண்டு. குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உலகெங்கும் பயன்படும் கோப்பு வடிவம் ஜெட்காம். அதன் பொது விதியில் கிரிகோரியன், ஜூலியன், யூத நாட்காட்டி, பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டி ஆகியவற்றுக்கு இடமுண்டு. பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டி 1793 முதல் 1805 வரை, சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பதினான்கு நூற்றாண்டுகளாக, உலகின் எல்லாக் கண்டங்களிலும் நிக்காஹும் மீஸான் கல்லும் எழுதப்பட்டு வரும் ஹிஜ்ரி நாட்காட்டிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2021இல் வெளிவந்த ஏழாம் பதிப்பும் பிற நாட்காட்டிகளைத் தனி விரிவாகச் சேர்த்துக்கொள்ள வழிவிட்டதே தவிர, ஹிஜ்ரியைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. இதை நாம் எடுத்துச் சொல்லவேண்டும். ஆனால் விதியில் இடமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லித் தப்பவும் கூடாது. ஏனெனில் கட்டணமின்றிக் கிடைக்கும் கிராம்ப்ஸும் வெப்ட்ரீஸும் ஹிஜ்ரித் தேதியை ஏற்கின்றன. குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காத சோம்பலில் இருக்கின்றது.

வாரிசுரிமையில் விளையும் கேடு

தேதியில் இத்தனை நுணுக்கம் எதற்கு, ஆண்டு போதாதா என்று கேட்போருக்கு நாம் ஃபராயிள் பாடத்தை நினைவூட்டுகிறோம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தந்தைக்கு இரண்டு ஆண்மக்கள். தந்தை ஹிஜ்ரி 1370 ரபீஉல் ஆகிர் பிறை 10இல் மறைந்தார். அது 1951 ஜனவரி 19ஐ ஒட்டிய நாள். மூத்த மகனும் அதே 1951இல் மறைந்தார், மாதம் எழுதப்படவில்லை. ஆனால் வாப்பாவின் மய்யித்தை அடக்கியபோது அந்த மகன் கபுரில் மண் போட்டதைக் கண்டவர்கள் உண்டு. ஆக, மகன் தந்தைக்குப் பிறகே இறந்தார். தந்தையின் சொத்தில் அவருக்குப் பங்கு வந்தது. அந்தப் பங்கு அவருடைய அநாதைப் பிள்ளைகளுக்கு உரியது.

இப்போது குடும்ப மரத்தைப் பாருங்கள். மகனின் வஃபாத் 01-01-1951 என்று நிரப்பப்பட்டிருக்கின்றது. தந்தையினுடையது 19-01-1951. திரையில் மகன் தந்தைக்குப் பதினெட்டு நாள் முன்னதாக இறந்தவராகிவிட்டார். தந்தைக்கு முன் மகன் இறந்தால், இன்னொரு மகன் உயிரோடிருக்கையில் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்பது நாம் அறிந்த சட்டம். வெற்றிடத்தை நிரப்பிய ஓர் எண், ஒரு கிளையையே பாகப்பிரிவினையிலிருந்து வெட்டி எறிந்துவிட்டது. கண்ட சாட்சிகள் மறைந்த பிறகு, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பட்டாவைப் பிரிக்க உட்காருவோர் முன்னே இருக்கப்போவது இந்த அச்சுத்தாள் மட்டுமே.

இது வெறும் கற்பனைப் பயமன்று. மறைந்தவர்களின் உறவு பற்றிய விவரம் குடும்ப வம்சாவளியிலோ கல்லறைக் கல்லிலோ தகராறு எழுமுன் எழுதப்பட்டிருந்தால், அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே இடம் கொடுத்தது. குடும்ப மரம் சுவரில் தொங்கும் படம் மட்டுமன்று. நாளை அது வாய் திறந்து பேசும்.

மேலும் ஒன்றைக் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது, ஒரே வீட்டில் பலர் ஒன்றாக மாண்டனர். யார் முன், யார் பின் என்று எவருக்கும் தெரியாது. அத்தகையோருக்கு என்ன சட்டம் என்பதை நம் ஃபுகஹாக்கள் முன்பே வகுத்துவிட்டனர்: முன்பின் அறியப்படாத நிலையில் அவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாகமாட்டார்கள், உயிரோடிருக்கும் வாரிசுகளுக்கே சொத்துச் சேரும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. அதாவது, "தெரியவில்லை" என்பதற்கும் ஷரீஅத்தில் சட்டம் உண்டு. தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய பொய்க்குத்தான் சட்டம் இல்லை. தெரியவில்லை என்று காட்டுவது குறையன்று. ஒரு காழிக்கு அதுவே தேவையான விவரம்.

பெண்களின் வெற்றிடங்கள்

நம் குடும்ப மரங்களில் மற்றுமொரு காட்சி. ஆண்களின் பெயருக்குக் கீழே தேதிகள் நிறைந்திருக்கும்; பெண்களின் பெயருக்குக் கீழே கோடு மட்டும் இருக்கும். ஏன்? ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். காகிதம் அவர்களைத் தொடர்ந்தது. வீட்டிலிருந்த பெண்களைக் காகிதம் தேடி வரவில்லை. அவர்களைப் பற்றிய தேதிகள் பிறையிலும் நினைவிலும் இருந்தன. "நோன்பு 27ஆம் கிழமையில் பிறந்தவள்" என்று ஒரு மூதாட்டியைப் பற்றி ஊரே அறிந்திருக்கும். ஆண்டு தெரியாது, மாதமும் பிறையும் தெரியும். ஆண்டு இல்லாவிட்டால் ஏற்கமாட்டேன் என்று கட்டம் பிடிவாதம் பிடிப்பதால் அந்த அரிய நினைவு வெளியே தள்ளப்படுகின்றது. அதைச் சொற்களாகவேனும் எழுதி வைத்தால் அந்தப் பெண்மணிக்கு மரத்தில் ஓர் உயிருள்ள இடம் கிடைக்கும்.

அதைவிடக் கொடுமை, "1905 –" என்று பிறப்பை மட்டும் காட்டிக் கோட்டைத் திறந்தே விடுவது. அப்படிக் காட்டினால் அவர் இன்றும் உயிரோடிருக்கிறார் என்றே பொருள். மரணம் பதியப்படாதவரை 110 அல்லது 120 வயதுவரை உயிரோடிருப்பவராகவே மென்பொருள்கள் கருதும். ஒருவர் மறைந்தது உறுதி, நாள் மட்டும் தெரியாது என்றால், "மறைந்தார், தேதி தெரியவில்லை" என்று பதிவதற்குத் தனி வழி எல்லா நல்ல மென்பொருள்களிலும் உண்டு. ஒரு சொடுக்கு வேலை. அதைக்கூடச் செய்யாமல் நம் பூட்டிகளை உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மறுப்புகளுக்கு விடை

"வஃபாத் தேதியைத் துல்லியமாகக் காட்டினால் வருடாந்தரச் சடங்குகளுக்கு வழிவிட்டதாகாதா?" என்று சில சகோதரர்கள் கேட்கின்றனர். அவர்களின் அக்கறையை மதிக்கிறோம். ஆனால் பதிவது வேறு, கொண்டாடுவது வேறு. இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள் தம் நூலுக்கே மேன்மக்களின் வஃபாத்துகள் என்ற பொருளில் வஃபயாத்துல் அஃயான் என்று பெயரிட்டார்கள். அதை எவரும் சடங்கு நூல் என்று சொல்லவில்லை. தேதியை அழித்துச் சடங்கை ஒழிக்க முடியாது. வரலாற்றைத்தான் ஒழிக்க முடியும்.

"வம்சப் பெருமை ஜாஹிலிய்யாவின் எச்சமன்றோ?" என்பது அடுத்த கேள்வி. ஆம், பெருமை எச்சமே. ஆனால் பெருமை அடிப்பவனுக்குத்தான் இட்டுக்கட்டிய தேதி தேவை. உறவைப் பேணுபவனுக்கு உண்மையே போதும். நாம் கேட்பது தெரியாததைத் தெரியாது என்று காட்டும் மரத்தை. பெருமைக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா?

"மக்களுக்கு ஹிஜ்ரி புரியாது, ஆங்கிலத் தேதி போதும்" என்பார்கள். ஸகாத்தின் ஆண்டை எதில் எண்ணுகிறோம்? கணவனை இழந்த பெண்ணின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை எதில் எண்ணுகிறோம்? பிறைகள் மனிதர்களுக்குக் காலம் காட்டுபவை என்று அல்குர்ஆன் (2:189) சொல்லவில்லையா? நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை பார்க்கும் சமூகத்துக்கு, தன் பாட்டன் மறைந்த பிறை மட்டும் புரியாது என்பதை நாம் ஏற்கவில்லை. புரியாதவருக்கு ஆங்கிலத் தேதியையும் பக்கத்தில் காட்டலாம். இரண்டையும் காட்டுவதை யாரும் தடுக்கவில்லை.

செய்யவேண்டியவை

முதலாவதாக, மூலத்தில் எந்த நாட்காட்டியில் உள்ளதோ அதிலேயே பதியுங்கள். கிராம்ப்ஸில் ஒவ்வொரு தேதிக்கும் நாட்காட்டியைத் தனியே தெரிவு செய்யலாம். வெப்ட்ரீஸில் குடும்ப மரத்தின் அமைப்புப் பக்கத்தில் நாட்காட்டி மாற்றம் என்ற பகுதி உண்டு. அதில் ஹிஜ்ரியைச் சேர்த்தால் இரு தேதிகளும் அருகருகே தெரியும். திரையில் முதலில் மூலமும், அடுத்து மாற்றமும் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, தெரிந்த அளவை மீறாதீர்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டு மட்டும். ஊகமெனில் "ஏறத்தாழ". வயதிலிருந்து கழித்துப் பெற்றதெனில் "கணக்கிட்டது". இரு நிகழ்வுகளுக்கு நடுவே எனில் "இவ்விரண்டுக்கும் இடையே". இத்தெரிவுகள் எல்லாம் தேதிக் கட்டத்தின் அருகிலேயே இருக்கின்றன. அச்சிடும்போது "ஏறத்தாழ" என்ற சொல் விடுபடாமல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அச்சிடுங்கள். ஆண்டை மட்டும் காட்டும் சுருக்க வடிவைச் சுவர்ப்படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரிசு விவரம் கேட்போருக்கு முழு வடிவையே கொடுங்கள்.

மூன்றாவதாக, சொன்னவரின் சொல்லை அப்படியே காத்து வையுங்கள். "வெள்ளி இரவு, ரஜப் பிறை 27, புயலுக்கு மறுவருடம்" என்பதைத் தேதிக்குரிய குறிப்பில் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். அதற்கு இடம் தரும் வசதி ஜெட்காம் விதியிலேயே உள்ளது. யார் சொன்னார், எந்தக் கல்லில் இருந்தது, எந்தத் தஃப்தரில் கண்டது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இது குடும்ப வரலாற்றின் இஸ்னாத்.

நான்காவதாக, பள்ளித் தேதியையும் உண்மைத் தேதியையும் பிரித்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளது ஒன்று, உம்மா சொன்னது ஒன்று எனில், இரண்டையும் பதிந்து எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். நம் இமாம்கள் இரு கருத்துகளை அருகருகே எழுதியதைப் போல.

ஐந்தாவதாக, மரணத்துக்குச் சிலுவைக் குறியிடும் ஐரோப்பிய வழக்கத்தைக் கண்மூடி ஏற்காதீர்கள். கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு அது கண்ணியமான அடையாளம். லா இலாஹ இல்லல்லாஹ் என்று சொல்லி மறைந்தவர்களின் பெயரருகே அதற்கு இடமில்லை. கிராம்ப்ஸ் போன்றவற்றில் இக்குறியை மாற்றவோ நீக்கவோ வசதியுண்டு. "பி." என்றும் "வ." என்றும் இரண்டு எழுத்துகள் போதும்.

ஆறாவதாக, உயிரோடிருப்போரின் முழுப் பிறந்த தேதியை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். அது அவர்களின் அமானிதம். அவற்றை மறைக்கும் அமைப்பு பல மென்பொருள்களில் உண்டு.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஷஅபான் என்று மட்டும் எழுதிய ஓர் ஆவணம் வந்து சேர்ந்ததாகவும், எந்த ஷஅபான், சென்றதா, நடப்பதா, வருவதா என்று அவர்கள் வினவியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அந்தக் கேள்வியே ஹிஜ்ரி ஆண்டு ஏற்படக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அந்தக் கலீஃபா ஓர் ஆண்டைத் தாமே ஊகித்து அந்த ஆவணத்தில் எழுதிவிடவில்லை. கேட்டார்கள். தோழர்களுடன் ஆலோசித்தார்கள். சமூகம் முழுமைக்கும் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். நம் இளைஞர்களிடம் நாம் வேண்டுவதும் அதையே. கட்டத்தை நிரப்புவதற்கு முன் கேளுங்கள். ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் மூத்தம்மாக்களிடம் கேளுங்கள். பள்ளிவாசல் தஃப்தரைப் புரட்டிப் பாருங்கள். மையவாடிக்குச் சென்று கல்லின் பாசியைத் துடைத்துப் படியுங்கள். கிடைத்ததைக் கிடைத்தவாறே எழுதுங்கள். கிடைக்காததற்கு வெற்றிடம் விடுங்கள். அவர்கள் எந்நாளில் வந்தார்கள், எந்நாளில் சென்றார்கள் என்பதைப் படைத்தவன் அறிவான். அவனுடைய ஏட்டில் அந்த இடம் வெற்றாக இல்லை.

நம் முன்னோர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவர்களின் கபுருகளை ஒளிமயமாக்கி, அவர்களைப் பற்றி உண்மையை மட்டுமே சொல்லும் நாவையும் எழுதுகோலையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.